'எங்களுக்கு இது வராது' என்கிற வகுப்பில் மாக்பெத்

கேள்வி: உயர்நிலை வகுப்புகளுக்கு இலக்கியம் எடுக்கும் ஆசிரியை நான். இந்தப் பருவத்தில் பத்தாம் வகுப்புக்கு ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகம் பாடம். கூடவே மாணவர்களிடம் 'வளர்ச்சி மனப்பான்மை'யை, அதாவது திறமை பிறவியோடு முடிந்துவிடுவதில்லை, உழைத்து வளர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை, உருவாக்க ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும், பருவ முடிவில் அதன் பலனையும் காட்ட வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. 'எனக்கு வராது என்று சொல்லாதே, இன்னும் வரவில்லை என்று சொல்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். பாதி வகுப்பு அதைப் பார்த்துச் சிரிக்கிறது. முதல் காட்சியிலேயே 'இதெல்லாம் எங்களுக்குப் புரியாது மிஸ்' என்று புத்தகத்தை மூடிவிட்டார்கள். எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் ஒரு பெண், வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்க மறுக்கிறாள்; 'நோட்ஸ் கொடுத்துவிடுங்கள், படித்துக்கொள்கிறேன்' என்கிறாள். ஒரு பையன், 'சூனியக்காரிகள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது, கடைசியில் எல்லாரும் சாகிறார்கள், இதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது?' என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. துன்பியல் நாடகத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனிடமிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ளதிலேயே நல்ல கேள்வி அவனுடையதுதான். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள், அவனைத் திரும்பவும் புத்தகத்துக்கு அனுப்புங்கள். 'சூனியக்காரிகள் மாக்பெத்தைக் கொலை செய்யச் சொன்ன வரியைக் காட்டு' என்று கேளுங்கள். தேடுவான், கிடைக்காது. நீ அரசனாவாய் என்கிறார்கள், அவ்வளவுதான். எப்படி, யாரை வீழ்த்தி என்பதற்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் மாக்பெத்தே, 'விதி என்னை அரசனாக்கத்தான் போகிறது என்றால் நான் அசையாமலே அது முடிசூட்டட்டுமே' என்ற பொருளில் தனக்குள் பேசிக்கொள்கிறான். அதே குரல்களைப் பக்கத்தில் நின்று கேட்ட இன்னொருவன் பாங்கோ. இருளின் ஆட்கள் சின்ன உண்மைகளைச் சொல்லி நம்மை நம்பவைத்துப் பெரிய காரியத்தில் கவிழ்த்துவிடுவார்கள் என்று எச்சரிக்கிறவன் அவன். அவன் பிள்ளைகள் அரசாள்வார்கள் என்று அவனுக்கும் ஆசை காட்டப்பட்டது. அவன் கத்தியை எடுக்கவில்லை.

அதற்காகப் பாங்கோவை உத்தமனாக்கிவிட வேண்டாம். மாக்பெத் அரசன் டங்கனைக் கொன்ற பிறகு அவன் மேல் பாங்கோவுக்குச் சந்தேகம் வருகிறது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. மாக்பெத்துக்குச் சொன்னது பலித்ததென்றால் தனக்குச் சொன்னதும் பலிக்கலாமே என்ற எண்ணம் அவனுக்குள்ளும் ஓடுகிறது. மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தைப் படித்துவிட்டு ஒரு மாணவி இதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னால், அன்று நீங்கள் எடுக்க நினைத்திருந்த பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் மாக்பெத்தின் கதையிலிருந்து 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்ற பாடத்தைப் பிழிந்தெடுக்கப் பார்த்தால் நாடகமும் கெடும், நீங்கள் நினைத்த காரியமும் கெடும். மாணவர்களை வளர்க்கப்போவது நாடகத்தைப் படிக்கிற வேலைதான். முதல் முறை படிக்கும்போது புரியாத ஒரு காட்சி மூன்றாம் முறை திறந்துகொள்கிறது. முதலில் உறுதியாகச் சொன்ன ஒரு கருத்தை ஒரே ஒரு வரி மாற்றிவிடுகிறது. இது தனக்கே நடப்பதைப் பார்த்த பிள்ளைக்குச் சுவரொட்டி தேவைப்படாது. பார்க்காத பிள்ளைக்கு எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அது வெறும் சுவர்தான்.

ஆய்வுகள் சொல்வதையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள், நிர்வாகத்திடம் பேச உதவும். இந்தக் கருத்தைப் பரவலாக்கியவர் உளவியலாளர் கரோல் டுவெக். 1998-இல் அவரும் கிளாடியா முல்லரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலையை நன்றாகச் செய்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை 'நீ புத்திசாலி' என்றும் சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்து வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் பெயர் கெடாத வேலைகளின் பக்கம் அதிகம் போனார்கள். ஒரு கடினமான சுற்றில் சறுக்கிய பிறகு அவர்களுடைய ஆர்வமும் குறைந்தது, திறனும் இறங்கியது. உங்கள் முதல் மதிப்பெண் மாணவியின் பிரச்சினை எனக்கு இங்கேதான் தெரிகிறது. அவளுக்குச் சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. வாசித்துத் தடுமாறினால் இத்தனை நாள் சேர்த்த பெயர் போய்விடுமே என்ற பயம். நோட்ஸ் அவளுக்குக் கவசம்.

அப்புறம், இந்த மனப்பான்மையை ஒரு மாத்திரை மாதிரி கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2018-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, சராசரியாக விளைவு மிகச் சிறியது என்றுதான் கண்டது. 2019-இல் நேச்சர் இதழில் வந்த பெரிய ஆய்வு அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி. மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தவர்களுக்கு அதிகபட்சம் 4 என்று வைக்கும் மதிப்பெண் அளவில் 0.1 புள்ளி முன்னேற்றம். சிறியதுதான், ஆனாலும் உண்மையானது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதே தரவுகளை வைத்து 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு: மாணவரால் வளர முடியும் என்று ஆசிரியரும் நம்பிய கணித வகுப்புகளில்தான் அந்தப் பயிற்சி பலித்தது. விதை நல்லதாக இருந்தாலும் மண் வேண்டும். அந்த மண் நீங்கள்தான். உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் இதையே எழுதலாம்.

சரி, வகுப்புக்குள் வருவோம். ஐந்து அங்கத்தையும் ஒரே வேகத்தில் நடத்தி முடிக்கப் பார்க்காதீர்கள். மற்ற இடங்களில் வேகமாகப் போய்விட்டு ஒரு காட்சியில் தங்கிவிடுங்கள். என் தேர்வு முதல் அங்கத்தின் ஏழாம் காட்சி. எண்பது வரிக்குச் சற்று மேல்தான் இருக்கும். மாக்பெத் தனியாக வருகிறான். டங்கனை ஏன் கொல்லக்கூடாது என்று காரணங்களை அடுக்குகிறான்: உறவினன், தன் அரசன், இன்று இரவு தன் வீட்டு விருந்தாளி, அதற்கும் மேல் நல்லவன். தன்னைத் தூண்டுவது பேராசை மட்டும்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். மனைவி லேடி மாக்பெத் உள்ளே வந்ததும், இந்தக் காரியத்தில் இனி மேலே போகப்போவதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறான். காட்சி முடிவதற்குள் 'முடிவு செய்துவிட்டேன்' என்கிறான், கொலை செய்ய! ஒரே காட்சியில், நம் கண்முன்னால், ஒரு மனிதன் மனம் மாறுகிறான். எந்த வரியில் மாறினான்? இந்த ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நீங்கள் உட்கார்ந்துவிடலாம்.

பிள்ளைகள் வேறு வேறு வரிகளைக் காட்டுவார்கள். கோழை என்று அவள் குத்திக்காட்டிய இடம் என்பாள் ஒருத்தி. காவலர்களைக் குடிக்கவைத்துப் பழியை அவர்கள் மேல் போடலாம் என்று திட்டம் சொன்ன இடம் என்பான் இன்னொருவன். மாக்பெத்தை உறுத்தியது பாவம் இல்லை, மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் என்று அவன் வாதாடுவான். இவன் உண்மையில் மனம் மாறவே இல்லை, யாராவது தள்ளிவிட மாட்டார்களா என்று காத்திருந்தான் என்று மூன்றாவது ஒரு குரல் வரும். எல்லாவற்றுக்கும் வரி ஆதாரம் கேளுங்கள். ஆதாரம் இருந்தால் கருத்து நிற்கட்டும், இல்லாவிட்டால் விழட்டும். எது சொன்னாலும் சரி என்று விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு எதுவும் வளராது. வகுப்பில் கருத்து விழுவது சாதாரணமான விஷயம், விழுந்தவருக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது என்பதை இந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

இந்தக் காட்சியின் நடுவில் சின்னதாக ஒரு பேச்சு வருகிறது. 'தோற்றுவிட்டால்?' என்று மாக்பெத் கேட்கிறான். அவள் பதில் ஆங்கிலத்தில் இரண்டே சொல், 'வீ ஃபெயில்'. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய துன்பியல் நடிகை சாரா சிடன்ஸ் இந்த இரண்டு சொல்லை வெவ்வேறு காலத்தில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார் என்று பதிவு இருக்கிறது. முதலில், ஏளனமாக ஒரு கேள்வி: 'நாமா தோற்பது?' அப்புறம் ஒரு வியப்பு: 'நாம், தோற்பதா!' கடைசியில் அவர் நிலைத்து நின்றது ஒரு முற்றுப்புள்ளியில், தாழ்ந்த குரலில்: 'தோற்றால் தோற்றோம்.' முதல் இரண்டிலும் அவள் தோல்வியை நினைத்துக்கூடப் பார்க்காதவள். மூன்றாவதில் தோல்வியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு துணிந்தவள். ஒரு நிறுத்தக்குறியில் ஆளே மாறிவிடுகிறாள். அச்சைப் பார்த்துத் தீர்மானிக்கலாமா என்றால் அதுவும் முடியாது. இந்த நாடகத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மூலம் ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டு கழித்து 1623-இல் வந்த தொகுப்பு ஒன்றுதான். அதில் இருப்பது கேள்விக்குறி. ஆனால் அந்தக் காலத்து அச்சில் வியப்புக்கும் அதே குறியைப் போடுவது உண்டு.

உங்கள் மாணவியை எழுப்புவதற்கு இந்த இரண்டு சொல் போதும். பெரிய வசனம் எதையும் கொடுக்க வேண்டாம். இருவர் இருவராக நிற்கவையுங்கள், ஒருவர் கேட்கட்டும், மற்றவர் மூன்று விதமாகவும் பதில் சொல்லட்டும். வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் பேசும்போது யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள், அவளும் பேசிவிடுவாள். அப்புறம் எந்த விதம் பிடித்தது, அப்படிச் சொன்னால் அடுத்த வரி எப்படி மாறும் என்று கேளுங்கள். இதற்குச் சரியான விடை என்று ஒன்று இல்லை, ஆனால் ஒவ்வொரு விடைக்கும் ஒரு விளைவு உண்டு. சரியான விடைக்குப் பழகிப்போன பிள்ளைக்கு இது முதலில் தவிப்பாக இருக்கும். அந்தத் தவிப்பில் அவளைக் கொஞ்சம் விட்டுவையுங்கள், உடனே காப்பாற்றிவிட வேண்டாம்.

சிடன்ஸைப் பற்றி இன்னொன்றும் அவளிடம் சொல்லலாம். இருபது வயதில் முதல்முறை இந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தபோது வசனத்தை மண்டையில் ஏற்றிக்கொண்டால் போதும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை என்றுதான் நினைத்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒரு பாத்திரத்தைப் பகுத்துப் பார்த்து வளர்க்க வேண்டும் என்பது அந்த வயதில் தனக்குத் தோன்றவே இல்லை என்கிறார். லண்டனின் டுரூரி லேன் அரங்கில் 1775-இன் கடைசியில் மேடையேறி எடுபடாமல் போனவர் அவர். அடுத்த பருவத்துக்கு அழைப்பு வரவில்லை. வெளியூர் மேடைகளில் ஆண்டுக்கணக்கில் நடித்துவிட்டு 1782-இல் அதே அரங்குக்குத் திரும்பி ஊரையே கட்டிப்போட்டார். லண்டனில் லேடி மாக்பெத்தாக நின்றது 1785-இல்தான். இதை 'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' என்ற ரகத்தில் சொல்லிவிடாதீர்கள். அந்த இடைக்காலத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார், சொன்ன வரியையே திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இனி, இந்தக் காட்சியில் கூர்மையான பிள்ளைகள் ஒன்றைக் கவனிப்பார்கள், அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். தைரியத்தை இறுக்கிப் பிடி, நாம் தோற்க மாட்டோம் என்று லேடி மாக்பெத் பேசுவது அப்படியே ஊக்கப் பேச்சு. உங்கள் சுவரொட்டியின் குரல்தான் அது! அதைச் சொல்லி அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கோபப்படாமல், 'அப்படியானால் விடாமல் முயல்வது எப்போது நல்லது, எப்போது கெட்டது?' என்று கேளுங்கள். மாக்பெத்திடம் முயற்சிக்குப் பஞ்சமே இல்லை. மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியில், ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டேன், இனித் திரும்பிப் போவதும் அக்கரைக்குப் போவதைப் போலவே அலுப்புத்தான் என்கிறான். இனி நான் மாற முடியாது என்ற குரலை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்து குறைவு. முயற்சி முழுமையாக இருக்கிறது, தவறை ஒப்புக்கொண்டு திரும்புகிற துணிச்சல்தான் இல்லை. டுவெக்கே பின்னாளில், வெறுமனே முயற்சியைப் பாராட்டுவதை வளர்ச்சி மனப்பான்மை என்று எண்ணிக்கொள்வது தவறு என்று எச்சரித்திருக்கிறார். ஆய்வாளர் கட்டுரையில் சொன்னதை உங்கள் பத்தாம் வகுப்பு நாடகத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும். சிரித்த பாதி வகுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நோட்ஸ் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. எளிய நடையில் எழுதிய உரை நூல்களைத் தடை செய்யக்கூடாது, ஆனால் முதலில் கொடுக்கவும் கூடாது. முதல் வாசிப்பு அசல் வரிகளோடு நடக்கட்டும், புரிந்தது பாதி போதும். இரண்டாம் வாசிப்பில் உரையைக் கொடுங்கள். மூன்றாம் வாசிப்பில் உரையை மூடிவிட்டு, உரை சொல்லாமல் விட்டது எது என்று தேடச் சொல்லுங்கள். மொழியிலேயே பின்தங்கிய பிள்ளைகளுக்கு, எழுத்தைக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் பிள்ளைகளுக்கு, இந்த வரிசை வேண்டாம். அவர்களுக்குக் கதைச்சுருக்கத்தையும் ஒலிப்பதிவையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். நாடகம் காதால் கேட்கத்தான் எழுதப்பட்டது, கேட்டுப் படிப்பது குறுக்கு வழி ஆகாது. ஒரு பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் உரியவரிடம் அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். 'உன் மனப்பான்மைதான் சரியில்லை' என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடாதீர்கள். 'நீ மக்கு' என்பதற்குப் பதிலாக வந்த புதிய வசவாகத்தான் அது அந்தப் பிள்ளையின் காதில் விழும்.

பருவ முடிவில் எதைக் காட்டுவது? 'என்னால் வளர முடியும் என்று நம்புகிறேன், ஆம் அல்லது இல்லை' என்று கேள்வித்தாள் கொடுத்தால் எல்லாரும் 'ஆம்' என்றுதான் போடுவார்கள். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். ஏழாம் காட்சியை முதல் முறை வாசித்த அன்றே, எந்த விளக்கமும் தராமல், 'மாக்பெத் எந்த வரியில் மனம் மாறினான், ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, தேதி போட்டு, மதிப்பெண் போடாமல் எடுத்து வையுங்கள். நாடகம் முழுவதும் முடிந்த பிறகு அதே கேள்விக்குப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகே பழைய தாளைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது, எந்த வரி மாற்றியது என்று மூன்றாவதாக ஒரு பத்தி எழுதட்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கை அந்தப் பத்திக்குக் கொடுங்கள். கருத்து மாறவில்லை என்றாலும் பரவாயில்லை, ஆதாரம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். 'நன்று', 'இன்னும் முயற்சி செய்' என்றெல்லாம் ஓரத்தில் எழுதாமல், 'நீ காட்டிய வரிக்கு அடுத்த வரியில் அவன் எதிராகப் பேசுகிறானே, அதை என்ன செய்யப்போகிறாய்?' என்று எழுதுங்கள். நேரம் பிடிக்கும் வேலை. எல்லாத் தாளுக்கும் முடியாவிட்டால், மூன்றில் ஒன்றுக்காவது அப்படி எழுதுங்கள்.

நீங்களும் ஒரு தாள் எழுதி மாணவர்களுடைய தாள்களோடு வையுங்கள். உங்கள் கருத்து எந்த இடத்தில் மாறியது என்பதையும் அவர்கள் பார்க்கட்டும்.

அடுத்த பருவத்துக்கு நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் கிரேக்க நாடகாசிரியர் சோஃபோகிளீஸின் ஆன்டிகனியை எடுங்கள். மாக்பெத் திரும்ப மறுத்தவன் என்றால், அதில் வரும் அரசன் கிரேயோன் தாமதமாகத் திரும்புகிறவன். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் கிளையோடு தப்பும், நிமிர்ந்து நிற்பது வேரோடு போகும் என்று மகன் ஹேமன் அவனிடம் சொல்கிறான். தவறு செய்வது எல்லா மனிதருக்கும் பொது, செய்ததைச் சரிசெய்துகொள்கிறவன் அறிவிலி இல்லை என்று குருடனான தீர்க்கதரிசி டைரிசியஸ் சொல்கிறான். கடைசியில் கிரேயோன் கேட்கத்தான் செய்கிறான். ஆனால் தன் கட்டளையை மீறியதற்காக உயிரோடு அடைத்துவைத்த ஆன்டிகனியிடம் ஓடுவதற்கு முன், புதைக்கக்கூடாது என்று தானே தடுத்திருந்த அவளுடைய சகோதரனைப் புதைக்கப் போகிறான். அந்த வரிசைதான் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. அவன் ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்வியை முதல் தாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.